டேப்பும் பத்திரமும்

ஓசூரில் மனையை மனை என்று யாரும் சொல்வதில்லை. 'சைட்'. அதுவும் 'முப்பது நாற்பது' என்றால் போதும், 1,200 சதுர அடி என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். கோவைக்காரர் சென்ட்டில் கேட்பார், சென்னைக்காரர் கிரவுண்டில் கேட்பார், எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல்லில் இருந்து வருகிறவர் குண்டேயில் கேட்பார். அதனால் என் பையில் எப்போதும் ஒரு அட்டை இருக்கும்: சென்ட் 435.6 சதுர அடி, குண்டே 1,089, கிரவுண்ட் 2,400. கூடவே ஒரு ஐந்து மீட்டர் டேப், ஒரு ஐந்து ரூபாய் நாணயம். நாணயத்தின் கதை பின்னால் வரும்.

நான் படித்தது டிப்ளமோ சிவில். இருபத்திரண்டு வருடமாக பாகலூர் ரோடு பக்கம் வீட்டுக்குப் பிளான் போட்டுக் கொடுக்கிறேன். 'ஆர்க்கிடெக்ட் மேடம்' என்று கூப்பிடுகிறவர்களைத் திருத்திவிடுவேன். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்தவருக்குத்தான் அந்தப் பெயர். வடிவமைக்கிற வேலையை மற்றவர்களும் செய்யலாம், பட்டத்தைத்தான் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. நான் பிளான் போடுகிறவள். ஒன்பது வருடமாக வீடு வாங்கவும் விற்கவும் கூட நிற்கிறவள்.

இரண்டாவது வேலை நானாகத் தேடிப் போனதில்லை. பிளானுக்கு வருகிறவர்கள் பாதிப்பேர், "நல்ல சைட் ஏதாவது இருந்தா சொல்லுங்க மேடம்" என்பார்கள். பத்து வருடத்துக்கு முன் நான் பிளான் போட்ட வீட்டின் சொந்தக்காரர் வந்து, "விக்கலாம்னு இருக்கேன், இந்த வீட்டைப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்" என்பார். நியாயம்தானே? எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்று எனக்குத்தானே தெரியும்!

இந்த ஊரின் வீட்டைப் புரிந்துகொள்ள இந்த ஊரின் சம்பளத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். சிப்காட் வந்து, 1980இல் அசோக் லேலண்ட் ஆலை வந்து, டி.வி.எஸ். வந்து, 80களின் பிற்பாதியில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை வந்தது. வேலைக்கு வந்தவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். பிறகு கடன் வாங்கி முப்பது நாற்பது சைட்டில் தங்களுக்குக் கீழ்த்தளம் கட்டினார்கள். அடுத்து, தங்களைப் போலவே வேலைக்கு வருகிறவர்களுக்கு மாடியில் ஒற்றைப் படுக்கையறைப் போர்ஷன்கள் கட்டினார்கள். கீழே ஓனர், மேலே நான்கு வாடகைக்காரர், படிக்கட்டு வெளியே, ஆளுக்கொரு மின் மீட்டர். இதுதான் ஓசூர் வீடு. இங்கே ஒரு வீட்டை விற்பது என்றால் கூடவே மாதாமாதம் வருகிற வருமானத்தையும் விற்பது. 2021இல் போச்சம்பள்ளி சிப்காட்டில் ஓலா ஆலை வந்தது, தேன்கனிக்கோட்டைப் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் வந்தது. அந்தப் பக்கத்துக் கிராமங்களிலும் இப்போது இதே மாதிரி வீடுகள் எழும்புகின்றன.

இத்தகைய வீட்டைப் பார்க்க வருகிற ஆள் முதலில் கேட்பது, "வாடகை மொத்தம் எவ்வளவு வருது?" நான் முதலில் கேட்பது அனுமதி பெற்ற பிளான். அதைக் கையில் வைத்துக்கொண்டு மாடி ஏறினால் பல சமயம் வேடிக்கையாக இருக்கும். பிளானில் 'ஸ்டோர் ரூம்', நேரில் குக்கர் விசிலடிக்கிறது. பிளானில் இரண்டு தளம், நேரில் மூன்று. ஒரு முறை பேங்க் மதிப்பீட்டாளர் அனுமதி பெற்ற தளங்களுக்கு மட்டும் மதிப்புப் போட்டுவிட்டுப் போய்விட்டார். கடன் குறைந்தது, அட்வான்ஸ் கொடுத்திருந்த குடும்பம் நகையை அடகு வைத்தது. பத்திரம் மட்டும் படிக்கத் தெரிந்த தரகர் அந்த மூன்றாவது தளத்தைக் கேட்டிருக்க மாட்டார். வரைபடம் மட்டும் தெரிந்தவருக்கு வில்லங்கச் சான்று புரியாது. இரண்டையும் ஒரே ஆள் பார்த்தால்தான் இது கண்ணில் படும். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்தில் உடனே அனுமதி கிடைக்கிறது. காகிதம் சுலபமாகிவிட்டது, நல்லதுதான். ஆனால் அந்தக் காகிதத்தில் உள்ளபடி கட்டியிருக்கிறார்களா என்று பார்க்கிற பொறுப்பு, பின்னால் அந்த வீட்டை வாங்குகிறவர் தலையில் வந்து விழுகிறது.

நாணயத்துக்கு வருகிறேன். டைல்ஸ் மேல் தட்டிக்கொண்டே போனால், கெட்டியாக இருக்கிற இடத்தில் 'டிக்' என்று கேட்கும், அடியில் கலவை நிரம்பாத இடத்தில் 'டொக்' என்று கேட்கும். சுவர்ப் பூச்சும் அப்படியே. குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கீழே பூச்சு உப்பியிருந்தால் ஓதம் ஏறியிருக்கிறது. மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் அடுத்த மழைக்கு வெளியே வரும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகிற வெடிப்பு நூல்போல இருந்தால் பயமில்லை, நாணயத்தின் விளிம்பு உள்ளே நுழைந்தால் அஸ்திவாரத்தைப் பற்றிப் பேச வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட் பூமி. பழைய வீடுகளில் அஸ்திவாரம் சைஸ் கல், சிலவற்றில் கூரையே சப்படிக் கல். கல் கூரை வீட்டை இடித்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்கிற மேஸ்திரியிடம் நான் சண்டை போடுவேன். மே மாதத்தில் அந்த வீட்டுக்குள் ஒரு முறை உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

மத்திகிரியில் ஓய்வு பெற்ற ஒரு ஐயா வீட்டை விற்க வந்தார். ஆறு மாதம், பதினோரு பேர் பார்த்துவிட்டு, யாரும் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். நடுக்கூடத்துக்கு மேலே வெளிச்சத்துக்காக விட்டிருந்த திறப்பைக் குரங்குத் தொல்லைக்குப் பயந்து தகரம் போட்டு மூடியிருந்தார். பட்டப்பகலில் டியூப் லைட். "ஐயா, பெயின்ட் அடிக்க வேண்டாம், தகரத்தை மட்டும் எடுங்க" என்றேன். "ஏம்மா, வாங்கறவன் தகரத்தையா பார்க்கிறான்?" என்று சலித்துக்கொண்டார். கம்பி வலையும் மேலே கண்ணாடியும் போட்டோம். வாசலில் குவிந்திருந்த பழைய சிமென்ட் தொட்டிகளை அகற்றினோம். முப்பதாயிரத்துச் சொச்சம் செலவு. அதற்கப்புறம் வந்த மூன்றாவது ஆள் அட்வான்ஸ் கொடுத்தார்.

அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் பார்ப் ஷ்வார்ஸ் என்ற பெண்மணி 1970களில் இதை ஒரு தொழிலாகவே ஆக்கினார். வீட்டு விற்பனை முகவரான அவர், விற்கிற வீட்டை நாடக மேடைபோல் ஒழுங்குசெய்து காட்டத் தொடங்கினார். இன்று அங்கே வாடகைச் சோபாவும் வாடகை ஓவியமும் கொண்டுவந்து வைக்கிறார்கள். நம் ஊருக்கு அது ஒத்துவராது என்று நினைக்கிறேன். இங்கே வாங்குகிறவர் சோபாவைப் பார்ப்பதில்லை. ஈசானிய மூலையில் என்ன இருக்கிறது, தெருக்குத்து இருக்கிறதா, சம்ப் எத்தனை லிட்டர் என்றுதான் பார்க்கிறார். இருந்த வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பது வேறு, இல்லாததை இருப்பதாகக் காட்டுவது வேறு. ஓதத்தின் மேல் வால்பேப்பர் ஒட்டச் சொன்ன ஒருவரின் வீட்டை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இனி என் தப்பு. ஆறு வருடத்துக்கு முன், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிற ஒரு தம்பதிக்கு 80களில் கட்டிய வீடு ஒன்றைக் காட்டினேன். அவர்களுக்குப் பெரிய கூடம் வேண்டும். "இந்த நடுச்சுவரை எடுத்துடலாம், ஹால் அப்படியே திறந்துடும்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தில்தான் வீடு முடிந்தது. விற்றவரிடம் கமிஷன் வாங்கினேன், புதுப்பிக்கும் வேலையையும் வாங்கினேன். மேஸ்திரி பூச்சைக் கொத்தினபோது, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பில்லர் எங்குமே இல்லை. மேலே உள்ள தளம் முழுக்க அந்தச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தது. அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். இது எனக்குத் தெரியாத விஷயமா? தட்டிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். தட்டவில்லை, ஏனென்றால் என் வாய்க்கு இரண்டு பக்கமும் கூலி இருந்தது. இரும்பு பீம் கொடுத்து, முட்டுக் கொடுத்து, சுவரில் பாதியை மட்டும் எடுத்தோம். கூடுதல் செலவு ஒன்றரை லட்சத்தை நெருங்கியது. என் வடிவமைப்புக் கூலியை விட்டுக்கொடுத்தேன். அந்தப் பெண், "எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா வேற வீடு பார்த்திருப்போமே அக்கா" என்றார். அந்த 'அக்கா' இன்னும் குத்துகிறது.

அன்றிலிருந்து ஒரு வீட்டில் ஒரு கூலிதான். விற்கிறவருக்காக நின்றால் அவர் தருகிற ஒரு சதவீதம், அந்த வீட்டைப் புதுப்பிக்கிற வேலையைத் தொடமாட்டேன். வாங்குகிறவருக்காக நின்றால் அவர் தருவது மட்டும், விற்கிறவரிடம் காபியோடு சரி. எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். பதிவு பெற்ற கட்டடக் கலைஞர்களுக்கு 1989இலேயே நடத்தை விதிகள் வந்துவிட்டன. வாடிக்கையாளரையோ வேலையையோ அறிமுகப்படுத்துவதற்காகக் கமிஷன் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்பது அதில் ஒன்று. அந்த விதி என்னைக் கட்டாது. அதற்காக நான் அதைப் பின்பற்றக் கூடாது என்று இல்லையே.

சட்டம் தரகரைக் கட்டுவது வேறு இடத்தில். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேலான மனைப்பிரிவோ எட்டு வீட்டுக்கு மேலான அடுக்ககமோ 'ரெரா'வில் பதிவாக வேண்டும். அதில் விற்றுக்கொடுக்கிற முகவரும் பதிவு செய்ய வேண்டும். மீறினால் நாளுக்குப் பத்தாயிரம் ரூபாய், விலையில் ஐந்து சதவீதம் வரை அபராதம். கார்பெட் ஏரியா என்றால் என்ன என்பதையும் அந்தச் சட்டம்தான் வரையறுத்தது: உள்தடுப்புச் சுவர் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. 1,150 சதுர அடி என்று விளம்பரம் பார்த்து வந்தவருக்கு டேப் பிடித்து அளந்து 790 என்று காட்டியிருக்கிறேன்.

காகிதத்தில் ஓசூருக்கென்று ஒரு சுவை உண்டு. ஒரே சைட்டின் மூலப் பத்திரங்களை வரிசையாக அடுக்கினால் பழையது சேலம் மாவட்டம் என்று தொடங்கும், 1965க்குப் பிறகு தருமபுரி மாவட்டம், 2004க்குப் பிறகு கிருஷ்ணகிரி மாவட்டம். நிலம் நகரவே இல்லை, மாவட்டம் மூன்று. பெங்களூருவில் இருந்து வருகிறவர் இதைப் பார்த்து மிரண்டு, "மேடம், கத்தா இதெயா?" என்று கேட்பார். இங்கே கத்தா கிடையாது, பட்டா என்று விளக்க வேண்டும். அதேபோல் நம் ஆள் அத்திப்பள்ளி தாண்டிப் போய் பட்டா கேட்பார். எல்லாவற்றையும்விட முக்கியமான தேதி 2016 அக்டோபர் 20. அன்றுவரை விற்பனையான அங்கீகாரமற்ற மனைகளைத்தான் வரன்முறைப்படுத்த 2017இல் அரசு விதி போட்டது. அங்கீகாரமோ வரன்முறை உத்தரவோ இல்லாத சைட்டை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், தொடாதீர்கள்.

2024 ஜூனில் ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். மறுவாரமே சூளகிரி வரைக்கும் எல்லா சைட்டும் 'ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில்' வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோ பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கியதும் அதே கதை. வரட்டும், சந்தோஷம். வரப்போகிற விமானத்துக்கு இன்றே விலை கொடுக்கச் சொன்னால், வாடகை எவ்வளவு வருகிறது, சுவர் எப்படி நிற்கிறது என்று மட்டும் பார்க்கச் சொல்வேன்.

வீடு பார்க்கப் போனால் கூட வருகிறவரிடம், "உங்களுக்குக் கூலி தருவது யார்?" என்று முதலில் கேட்டுவிடுங்கள். அனுமதிப் பிளானின் நகல் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். ஓசூரில் அதற்கு அக்டோபர் நல்ல மாதம்.