ஜாமீன் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை

செங்கல்பட்டு கோர்ட்டில் ஜாமீன் உத்தரவு வாங்கிவிட்டால் அன்று மாலையே வீடு திரும்பலாம் என்றுதான் உறவினர்கள் நினைக்கிறார்கள். உத்தரவின் கடைசி வரியில் இருக்கிறது வினை: இரண்டு நபர் ஜாமீன். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீதோடு இரண்டு பேர் வந்து நிற்க வேண்டும். கடலோரக் குப்பத்தில் பட்டா இல்லாத வீட்டில் இருப்பவரும், ஈசிஆர் ரிசார்ட்டில் பாத்திரம் கழுவ வந்த ஒடிசா இளைஞரும் யாரைக் கூட்டி வருவார்கள்? இந்த இடத்தில்தான் கந்துவட்டிக்காரரும், காசுக்கு ஜாமீன் போடும் ஆட்களும் நுழைகிறார்கள். போலி ரசீது பிடிபட்டால் இன்னொரு வழக்கு. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

1978-லேயே உச்ச நீதிமன்றம் இந்த ஆள் ஜாமீன் சிக்கலைப் பார்த்தது. மத்தியப் பிரதேசக் கொத்தனார் மோதிராமிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்ட மாஜிஸ்திரேட், ஜாமீன் போட வந்த சகோதரரை, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று திருப்பி அனுப்பினார். நீதிபதி கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். சாந்தினி சௌக்கில் கைதாகும் தமிழன் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவான் என்பது நீதிபதியின் கவலை. மாமல்லபுரத்தில் கைதாகும் ஒடிசாக்காரருக்கும் அது பொருந்தும்.

காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100-க்கும் போன் செய்யலாம். ஜாமீனில் விடக்கூடிய சின்ன வழக்கென்றால், கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாதவரை ஏழை என்றே சட்டம் கொள்கிறது. சொந்தப் பிணையில் விட வேண்டும்.

மற்ற வழக்குகளுக்குக் கைகொடுப்பது 31 ஜனவரி 2023 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு. ஜாமீன் கிடைத்து 7 நாளாகியும் ஒருவர் உள்ளேயே இருந்தால் சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன் கட்டப்படாவிட்டால், யாரும் கேட்காமலே நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் பார்க்கலாம். நடைமுறையில் யாராவது நினைவுபடுத்தினால்தான் கோப்பு நகரும். அது வேறு கதை.

பணம்தான் தடையென்றால், 2023-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில், கலெக்டர் உள்ளிட்ட மாவட்டக் குழு பரிந்துரைத்தால் விசாரணைக் கைதிக்கு உதவித் தொகை கிடைக்கும்; 2023-ல் அதன் வரம்பு 40,000 ரூபாயாக இருந்தது. தொகை கோர்ட்டுக்கே போகும். போதைப்பொருள், யுஏபிஏ, ஊழல், சட்டவிரோதப் பணப் பரிமாற்ற வழக்குகளுக்கு இது கிடையாது. மற்றவர்களின் வீட்டார், சிறையில் மனு போட்டுப் பார்க்கப் போகும் நாளிலேயே, ‘ஜாமீன் போட ஆளும் இல்லை, பணமும் இல்லை’ என்று கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்வது நல்லது.