மெட்டு இருந்தது, பாட்டு இல்லை

எங்கள் பள்ளி ஆண்டு மலரில் ஒருமுறை, வாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு கவிஞரின் பாடலை அனுமதி பெறாமல், பெயர்கூடப் போடாமல் அச்சிட்டுவிட்டோம். மெய்ப்புப் பார்த்தவன் நான்தான். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், இது அவர் எழுதினதாச்சே?" என்று கேட்ட பிறகுதான் உறைத்தது. கவிஞருக்குக் கடிதம் எழுதினோம். அடுத்த மலரில் திருத்தமும் வெளியிட்டோம். ஆனால் பதிப்புரிமை என்றால் என்னவென்று மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது? சட்டப் பிரிவுகளைச் சொன்னால் வகுப்பு தூங்கிவிடும். அதனால் தூக்கத்தைப் பற்றிய ஒரு சேர்ந்திசையின் கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டகரின் அந்தப் படைப்பின் பெயர் 'ஸ்லீப்'. வாத்தியம் எதுவும் இல்லை, குரல்கள் மட்டுமே. பாடகி ஒருவர் மறைந்த தம் பெற்றோரின் நினைவாக அதைக் கேட்டிருந்தார். ராபர்ட் ஃபிராஸ்ட் எழுதிய, பனி பெய்யும் மாலையில் காட்டோரம் நிற்கும் பயணியின் கவிதைக்குத்தான் விட்டகர் முதலில் இசையமைத்தார். நேரு தம் கைப்பட எழுதி வைத்திருந்தது அதன் கடைசி வரிகளையே. 2000-ஆம் ஆண்டில் அது அரங்கேறியது. ஆனால் கவிதையின் உரிமையை வைத்திருந்தவர்கள் அனுமதி தரவில்லை.

இங்கே ஒரு விதியின் விளையாட்டைப் பாருங்கள். 1923-இல் வெளிவந்த அக்கவிதை, பழைய அமெரிக்கச் சட்டப்படி 1998 முடிவிலேயே பொதுவுடைமை ஆகியிருக்கும். அதே 1998-இல் வந்த புதிய சட்டம் காலத்தை மேலும் 20 ஆண்டுகள் நீட்டிவிட்டது!

விட்டகர் இசையைத் தூக்கி எறியவில்லை. நண்பரான கவிஞர் சார்லஸ் அந்தோனி சில்வெஸ்ட்ரியிடம் அந்த மெட்டுக்கே புதிய பாட்டு கேட்டார். நம் திரைப்பாடலாசிரியர்களுக்கு இது அன்றாட வேலை. இங்கே கட்டு கொஞ்சம் இறுக்கம்: 16 அடிகள், அடிக்கு எட்டு அசை, ஒரு பத்தியின் மூன்றாம் அடி இயைபே அடுத்த பத்தியின் இயைபாகத் தொடர வேண்டும். கடைசி இரண்டு அடிகளும் ஒன்றேயாக, 'தூக்கம்' என்ற சொல்லில் முடிய வேண்டும். பனிக்காடு போய்ப் படுக்கை வந்தது. கண் மூடினாலும் மனம் ஓடுவது, இரவுச் சத்தங்களுக்கும் நிழலுக்கும் பயப்படுவது, பிறகு தூக்கத்திடம் தன்னை ஒப்படைப்பது. முடிவில் அந்த ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்து, குரல்கள் மெல்ல மெல்ல அடங்குகின்றன. 2011-இல் 58 நாடுகளிலிருந்து 2,000-க்கும் மேற்பட்டோர் தத்தம் வீட்டிலிருந்தே பாடி அனுப்பிய பதிவுகளை இணைத்து வெளியிட்டார்கள். அதை வகுப்பில் போட்டால் கடைசி பெஞ்சுகூட அமைதியாகிவிடும்.

பிறகு தெரிந்த தாலாட்டு மெட்டு ஒன்றைக் கொடுத்து, அசை மாறாமல் நான்கு அடி எழுதச் சொல்வேன். சென்ற ஆண்டு ஒரு மாணவன், இரவுப் பணிக்குச் செல்லும் அம்மாவைப் பகலில் தூங்கவைக்கும் பாட்டாக எழுதிவந்தான். அதை மலரில், அவனிடம் கேட்டுக்கொண்டு, அவன் பெயருடன் போட்டோம்.

"இப்பவாவது பழைய கவிதையை வைத்துப் பாடலாமா சார்?" என்று யாராவது கேட்பார்கள். பாடலாம். அமெரிக்காவில் 2019 முதல் தடையில்லை. நம் நாட்டில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் என்பது கணக்கு. ஃபிராஸ்ட் இறந்தது 1963-இல். ஆனால் விட்டகரோ, தமக்கு இப்போது சில்வெஸ்ட்ரியின் சொற்களே பிடித்திருப்பதாகச் சொல்லிவிட்டார்.