பாய்மரக் கப்பலில் போன புகார்கள்

ஆஸ்திரேலியாவுக்கு முதல் கைதிகளோடு சென்ற மரைன் அதிகாரிகளின் கடிதங்கள், ஒரு காலனி பிறந்த கதையை உள்ளேயிருந்து சொல்கின்றன.

1788. சிட்னி துறைமுகத்திலிருந்து இங்கிலாந்து திரும்பத் தயாரான கப்பல்களில் இரண்டு விதமான கடிதங்கள் ஏறின. பிரிட்டன் இதுவரை அடைந்தவற்றிலேயே மதிப்புமிக்க இடமாக இது அமையும் என்று நம்பிக்கையோடு எழுதியிருந்தார் கவர்னர் ஆர்தர் பிலிப். உலகத்திலேயே இதைவிட மோசமான நாடு கிடையாது என்று எழுதியிருந்தார் மேஜர் ராபர்ட் ராஸ். இவர் துணை கவர்னர். மரைன் படையின் தலைவரும்கூட. இருவரும் பார்த்தது ஒரே மண்ணைத்தான்.

மரைன்கள் கப்பலில் பயணம் செய்யும் காலாட்படையினர். கடற்சண்டையில் துப்பாக்கி பிடிப்பார்கள். மாலுமிகள் கலகம் செய்தால் அடக்குவார்கள். 1787 மே 13-ம் தேதி போர்ட்ஸ்மவுத்திலிருந்து கிளம்பிய 11 கப்பல்களில், 700-க்கும் மேற்பட்ட கைதிகளைக் காவல் காக்க நான்கு கம்பெனி மரைன்கள் வந்தார்கள். வந்த இடத்தில், கைதிகளுக்குக் கொடுத்த அதே ரேஷன்தான் அவர்களுக்கும். கைதிகளின் வேலையை அதிகாரிகள் மேற்பார்வையிட வேண்டும் என்றார் பிலிப். அது எங்கள் வேலையல்ல என்றார் ராஸ். ஆவணக் காப்பகக் கோப்புகளில் பக்கம் பக்கமாக ஓடுகிறது இந்தச் சண்டை.

உச்சகட்டம் 1788 மார்ச்சில். சக வீரரை அடித்த ஜோசப் ஹன்ட் என்ற மரைனுக்கு, பகிரங்க மன்னிப்பு அல்லது 100 கசையடி என்று தீர்ப்பளித்தது ராணுவ நீதிமன்றம். ஒரே தண்டனையாகச் சொல்லுங்கள் என்றார் ராஸ். நீதிமன்றம் மறுத்தது. கேப்டன் வாட்கின் டென்ச் உட்பட ஐந்து அதிகாரிகளையும் கைது செய்தார் அவர். ஆனால் அவர்களை விசாரிக்கப் போதுமான அதிகாரிகள் காலனியில் இல்லை! ஐவரும் வழக்கம்போல வேலைக்குத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு, காவல் காத்த சேமிப்புக் கிடங்கிலேயே திருடியதாக ஆறு மரைன்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த வழக்கில் அப்ரூவரானவர், அதே ஹன்ட்.

எழுதிய புகாருக்குப் பதில்? இங்கிலாந்திலிருந்து முதல் தபால் வந்தது 1790 ஜூன் 3-ம் தேதி, பெண் கைதிகளை ஏற்றிவந்த 'லேடி ஜூலியானா' கப்பலில். செய்திக்காகத் தவித்த டென்ச் கப்பலை நோக்கிப் படகில் விரைந்தார். பிரெஞ்சுப் புரட்சி பற்றிக் காலனி அறிந்தது அப்போதுதான்.

தனிமை வேறு விதமாகவும் பேசுகிறது. செகண்ட் லெப்டினன்ட் ரால்ஃப் கிளார்க்கின் நாட்குறிப்பும் கடிதங்களும் மனைவி பெட்சி அலிசியா மீதான ஏக்கத்தால் நிரம்பியவை. பெண் கைதிகளையோ அவர் வாய்க்கு வந்தபடி ஏசுகிறார். ஆனால் 1791-ல் மேரி பிரன்ஹாம் என்ற கைதிக்கும் அவருக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு வைத்த பெயர் அலிசியா. நாட்குறிப்பில் இதைப் பற்றி மூச்சே இல்லை. 1794-ல் கிளார்க், மனைவி, மகன் மூவரும் இறந்தார்கள்.

வில்லியம் டாஸ் ரகமே தனி. இந்த லெப்டினன்ட் ஒரு வானியலாளர். அரச வானியலாளர் நெவில் மாஸ்கலைனுக்குக் கடிதங்கள் எழுதியவர். 1790 டிசம்பரில் கவர்னரின் வேட்டைக்காரர் ஈட்டியால் குத்தப்பட்டதும், பழிவாங்கப் பூர்வகுடிகளின் தலைகளைக் கொண்டுவர உத்தரவிட்டார் பிலிப். போக முடியாது என்று மேலதிகாரிக்கு எழுத்திலேயே தெரிவித்தார் டாஸ். பாதிரியார் பேசிய பிறகு கிளம்பினார். படை வெறுங்கையோடு திரும்பியது. போனதற்காக வருந்துவதாகப் பிறகு கவர்னரிடமே சொன்னார். காலனியில் தங்கியிருக்க விரும்பியவர்தான்; மன்னிப்புக் கேட்டால் தங்கலாம் என்றார் பிலிப். டாஸ் கேட்கவில்லை. 1791 டிசம்பரில் 'கோர்கன்' கப்பல் ஏறிவிட்டார்.

ராஸும் அதே கப்பலில்தான் ஊர் திரும்பினார். அவருடைய புகார்களை இன்று வரலாற்று மாணவர்கள் புரட்டுகிறார்கள். பட்டேகராங் என்ற பூர்வகுடிப் பெண்ணிடம் கேட்டு, சிட்னி மொழியின் சொற்களையும் வாக்கியங்களையும் டாஸ் குறித்து வைத்த நோட்டுப் புத்தகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆப்பிரிக்கக் கல்லூரியில் இருக்கின்றன. பேச்சு வழக்கில் மறைந்துபோன அந்த மொழியை மீட்க முயல்பவர்களுக்கு இன்று பெரும் ஆதாரம் அவைதான்.