அழைப்பிதழில் பெயர் இல்லாத கலைஞர்கள்

சிதம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆண்டு விழா அழைப்பிதழ் நம் கைக்கு வந்தது. வழவழப்பான தாளில் நான்கு பக்கம். மூன்றாம் பக்கம் முழுக்கக் கலை நிகழ்ச்சிகள். பரதநாட்டியத்துக்கு நேரே ஆடுகிற மாணவியின் பெயர், அவருடைய குருவின் பெயர், நட்டுவாங்கம் யார், மிருதங்கம் யார் என்று எல்லாம் இருந்தது. வீணைக்கும் அப்படியே. கடைசி வரியில் 'கிராமியக் கலை நிகழ்ச்சி' என்று மட்டும் போட்டிருந்தார்கள். யார் நிகழ்த்துகிறார்கள், எந்த ஊர்க்காரர்கள், சொல்லிக்கொடுத்த ஆசான் யார் என்று ஒன்றும் இல்லை.

விழா நாளன்று போய்ப் பார்த்தோம். பறைக்குழுவினர் ஆறு பேர் காலை ஒன்பது மணியிலிருந்தே நுழைவாயிலில் நின்றிருந்தார்கள். சிறப்பு விருந்தினரின் கார் வந்து சேரப் பதினொன்று ஆகிவிட்டது. அதுவரை வெயில்தான். கார் வந்ததும் அடித்துக்கொண்டே முன்னால் நடந்து அரங்கத்தின் வாசல் வரைக்கும் போனார்கள். அங்கே 'போதும்' என்று கை காட்டினார் ஒருவர். மாலையில் மேடை உண்டு என்று சொல்லியிருந்தார்கள். மாலையில் பேச்சுகள் நீண்டுபோய் நேரம் இல்லாமல் போனது. குழுவின் மூத்தவர் அறுபதைத் தாண்டியவர். பறையைத் துணியில் சுற்றிக்கொண்டே நம்மிடம் சொன்னார்: "சாவு வூட்லயும் நம்மள வாசல்லதான் நிக்க வச்சான் தம்பி. இங்கயும் வாசலோட சரி."

அவர் கோபத்தில் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நமக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அந்த ஒரு கல்லூரியைக் குறைசொல்லி எழுதுவது நம் நோக்கம் அல்ல. சிதம்பரம் போன்ற படிப்பூர் ஒன்றில் ஆண்டு முழுக்க எத்தனையோ மேடைகள் போடப்படுகின்றன. அந்த மேடைகளில் யார் ஏறுகிறார்கள், யார் கீழேயே நிறுத்தப்படுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியதிலிருந்து இந்த ஊருக்கு இசை ஊர் என்றும் ஒரு பெயர் உண்டு. பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இசைக் கல்வியும் வளர்ந்தது. கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்று எழுந்த தமிழிசை இயக்கத்தின் மாநாடு 1941-இல் அண்ணாமலைநகரில்தான் கூடியது. தெலுங்குக் கீர்த்தனைகளுக்கு நடுவே தமிழுக்கு 'துக்கடா' இடம்தானா என்று அன்றைக்குக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தமிழர்களின் தோல் கருவிக்கு அந்த மேடையில் துக்கடா இடமாவது உண்டா என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. நாடெங்கிலும் இருந்து ஆட வருகிறார்கள். ஐந்து நாளும் ஊர் நிறைந்து வழியும்.

இதே ஊரின் மேடைகளில் நூறாண்டுகளுக்கு மேலாக விடாமல் பாடப்படுகிற கதை நந்தனின் கதை. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1860-களின் தொடக்கத்தில் அச்சேறியது. அதன் பிறகு கதாகாலட்சேபம், நாடகம், சினிமா என்று நந்தன் போகாத இடம் இல்லை. 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். 1942-இல் எம்.எம். தண்டபாணி தேசிகர் நடித்தார். அந்தத் தேசிகரே பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைத் தலைவராகவும் இருந்தார்.

நந்தன் என்ன தொழில் செய்தான் என்பதை இந்த மேடைகள் ஒரு மாதிரி மறந்துவிட்டன. கீர்த்தனையில் நந்தன் வேதியரின் பண்ணையாள். வயல் வேலையை முடித்துவிட்டுப் போ என்று விரட்டுகிற அந்த வேதியர் சேக்கிழாரிடம் கிடையாது. பெரியபுராணத்தில் நந்தன் கோயில்களுக்குப் பேரிகை முதலான முழவுகளைப் போர்த்தத் தோல் கொடுக்கிறான், இழுத்துக் கட்ட வார் கொடுக்கிறான், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுக்கிறான். தமிழ் படித்த நமக்கு வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒரு நொடி நின்று, 'ஆக, கோயிலுக்குள் கேட்ட இசையெல்லாம் நந்தன் கொடுத்த தோலும் நரம்பும்தான்' என்றார். தோல் உள்ளே போயிற்று, கொடுத்தவன் தீயில் இறங்கித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. தேர்வில் இந்தக் கேள்வி வரவில்லை.

தமிழ் படிக்கும் மாணவர்கள் இன்னொன்றையும் அறிவார்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்ற வரிசையில் பறையையும் சேர்த்துச் சொல்கிறது. குறிஞ்சிக்கு ஒரு பறை, மருதத்துக்கு ஒரு பறை. பறைதல் என்றால் பேசுதல், அறிவித்தல். எல்லா நிலத்துக்கும் உரியதாக இருந்த கருவி எப்போது சேரிக்கு மட்டும் உரியதாகி, சாவுக்கு மட்டும் உரியதாகச் சுருங்கியது என்பது தனியாக எழுத வேண்டிய வரலாறு.

அந்தச் சுருக்கத்தை எதிர்த்து இந்த மண்ணில்தான் பெரிய போராட்டம் நடந்தது. காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த எல். இளையபெருமாள் பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று தென்னார்க்காட்டுச் சேரிகளைத் திரட்டியவர். 1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே நாடாளுமன்றத்துக்குப் போனவர். தீண்டாமையை ஆராய மத்திய அரசு 1965-இல் அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்றவரும் அவர்தான். இன்று சிதம்பரத்தில் அவருக்கு நினைவரங்கம் நிற்கிறது. அவருக்கும் முன்னால் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பெயரிலேயே பள்ளியைத் தொடங்கினார். ஓமக்குளத்தில் அந்தப் பள்ளியில் படித்து வெளியே வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று இந்த வட்டாரத்தில் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் இருக்கிறார்கள்.

ஆகவே நம் ஊர்ப் பெரியவர்களில் பலருக்குப் பறை என்றாலே முகம் மாறும். நாம் சிறுவயதில் ஒரு பறையை எடுத்து விளையாட்டாகத் தட்டியபோது அம்மா வந்து பிடுங்கி வைத்தார். 'இதை வுட்டுட்டு வரத்தான் உங்க அப்பா பட்ட பாடு' என்பதுதான் அவர் சொன்னது. அவர் சொன்னதில் தவறு இல்லை. கூப்பிட்டால் போய் அடித்தே ஆக வேண்டும், மறுத்தால் ஊர்த்தெருவில் வேலை இல்லை, கடையில் சாமான் இல்லை என்று இருந்த காலத்தில் அது கலையாக இருந்திருக்க முடியாது. அது அடிமைவேலை. பறையைக் கீழே போட்டதுதான் அன்றைக்கு விடுதலை.

இன்று நிலைமை வேறு. 1990-களில், அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த தலித் எழுச்சியில், பறை போராட்டக் கருவியாகத் திரும்பி வந்தது. கே.ஏ. குணசேகரன் போன்றவர்கள் பாட்டாகவும் நாடகமாகவும் ஆய்வாகவும் அதற்கு மதிப்புச் சேர்த்தார்கள். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையை எடுத்து ஆடினார்கள். 2025-இல் மதுரை மாவட்டத்து வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பாட்டன் போட்ட கருவியைப் பேரன் எடுத்திருக்கிறான். இரண்டும் ஒரே போராட்டத்தின் இரண்டு பக்கம் என்றுதான் நாம் புரிந்துகொள்கிறோம். நம் அம்மா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது சிதம்பரம் வட்டாரத்தில் மாலை நேரத்தில் ஆதிதிராவிடர் மாணவர் விடுதிகளின் பக்கம் போனால் மொட்டைமாடியிலிருந்து அடவு கேட்கும். வலது கையில் அடிக்குச்சி, இடது கையில் மூங்கில் சிண்டுக்குச்சி. நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்ச விடுதியில் முடியாது. ஆகவே பலரும் ஃபைபர் தோலுக்கு மாறிவிட்டார்கள். மழைக்கும் பனிக்கும் அது இளகாது, வசதிதான். வைக்கோல் தீயில் காய்ந்து இறுகிய தோலின் ஓசைக்கு அது ஈடில்லை என்று பழைய ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள். நாமும் அந்தக் கட்சிதான். ஆனால் பேருந்தில் பறையைத் தூக்கிக்கொண்டு வரும் மாணவனிடம் அதைச் சொல்ல மனம் வருவதில்லை.

இங்கேதான் புதிய சிக்கல். கல்லூரி விழாக்களில் பறைக்கு இப்போது நல்ல கைதட்டல். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அடிக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் அடிக்கச் சொல்லிக்கொடுக்கிற ஆசான் யார் என்று பார்த்தால் அவர் ஏதோ ஒரு காலனியில் இருப்பார். இரண்டு வாரம் மாலையில் வந்து சொல்லிக்கொடுப்பார். விழாவன்று அவருக்குப் பின்வரிசையில் நாற்காலி கிடைத்தால் பெரிது. நாட்டிய ஆசிரியருக்குப் பொன்னாடை, பறை ஆசானுக்குப் பெட்ரோல் காசு. மேடையில் தொகுப்புரை சொல்கிறவர் 'தமிழரின் ஆதி இசை' என்று முழங்குவார், அந்த ஆதி இசையை இன்றைக்கு அடிப்பவரின் பெயர் அவர் கையில் இருக்கும் தாளில் இருக்காது. கருவிக்கு வந்த மரியாதை கலைஞருக்கு வந்து சேரவில்லை. நந்தன் காலத்துக் கணக்கு அப்படியே நிற்கிறது: தோல் உள்ளே, ஆள் வெளியே.

அரசு இசைப்பள்ளிகளையும் சொல்ல வேண்டும். மாவட்டத் தலைநகர்களில் உள்ள அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவைதான் நெடுங்காலப் பாடங்கள். நாட்டுப்புறக் கலை அண்மைக் காலத்தில்தான் பகுதிநேர வகுப்பாக உள்ளே வந்திருக்கிறது. மிருதங்கமும் தோல் கருவி, பறையும் தோல் கருவி. ஒன்றுக்கு முழுநேர ஆசிரியர், இன்னொன்றுக்குப் பகுதிநேரம்.

விழாக் குழுவில் இருக்கும் மாணவத் தோழர்களிடம் நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் அல்ல. அழைப்பிதழின் மெய்ப்பு அச்சகத்திலிருந்து வரும்போது பாருங்கள். 'கிராமியக் கலை' என்று பொதுவாகப் போட்டிருந்தால் அடித்துவிட்டு, என்ன கலை, எந்த ஊர்க் குழு, ஆசான் பெயர் என்ன, அடிப்பவர்கள் யார் யார் என்று எழுதுங்கள். இடம் இல்லை என்பார்கள். வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை என்று ஒரு பக்கம் முழுக்கப் பெயர்கள் இருக்கின்றன, அங்கே இரண்டைச் சுருக்கலாம். பணம் எவ்வளவு, எப்போது என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். வாசலில் நிற்க வைத்தால் மேடையிலும் ஏற்றுங்கள், அதுவும் விருந்தினர் எழுந்து போகும் முன்பே.

கிராமத்துக் கலைஞர்களுக்கும் ஒன்று. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. உறுப்பினர் அட்டை இல்லாதவர்கள் நம் வட்டாரத்தில் நிறைய. மாவட்ட அளவில் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை வயதுக்குத் தக்கபடி விருதுகளும் உண்டு. விண்ணப்பத்தோடு நிகழ்ச்சி நடத்தியதற்குச் சான்று கேட்கும்போதுதான் நம் ஆட்கள் திகைத்து நிற்கிறார்கள். நாற்பது வருடம் அடித்திருப்பார், காட்ட ஒரு தாள் இருக்காது. இழவு வீட்டில் யார் அழைப்பிதழ் அடிப்பார்கள்? கல்லூரி அழைப்பிதழில் பெயர் வருவது வெறும் மரியாதைக்காக அல்ல. விருதுக்கும் உதவித்தொகைக்கும் அதுதான் சான்று.

கல்லூரி வாசலில் நின்ற அந்தப் பெரியவரின் கதை அத்தோடு முடியவில்லை. விடுதி மாணவர்கள் சில மாதம் கழித்து தாங்களே ஒரு கலை இரவு நடத்தினார்கள். ஒற்றைத் தாளில் கறுப்பு வெள்ளை அழைப்பிதழ். அவருடைய பெயரை எப்படிப் போடுவது என்று கேட்க அவர் வீட்டுக்குப் போனோம். இனிஷியல் சொன்னார், அப்பா பெயரையும் சொன்னார். 'ஆசான்' என்று போடட்டுமா பெரியப்பா என்றதும் கொஞ்சம் கூச்சப்பட்டு, பேத்தியைப் பார்த்தார். அந்தப் பெண் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். "போடுங்க மாமா, ஊர் பேரையும் போடுங்க" என்றாள்.

விழா முடிந்த பிறகு பெரியவர் நம்மிடம் கேட்டது பணம் பற்றி அல்ல. மீதி அழைப்பிதழ் இருந்தால் பத்து வேண்டும் என்றார். ஊர்த்தெருவிலும் நான்கு வீட்டுக்குக் கொடுக்க வேண்டுமாம்.