அந்த பி.இ. வேறு, இந்த பி.இ. வேறு!

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு பெண்மணிக்கு, சிவப்பு விளக்கைத் தாண்டியதாக அபராதச் சீட்டு வந்தது. கேமரா எடுத்த படம்தான் சாட்சி. அவருடைய கணவர் ஸ்வீடனில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். மனிதர் சும்மா இருக்கவில்லை. மஞ்சள் விளக்கு எத்தனை விநாடி எரிய வேண்டும் என்று தீர்மானிக்கிற சூத்திரமே சரியில்லை என்று கணக்குப் போட்டு, மாநிலப் பொறியாளர் வாரியத்துக்கே எழுதினார். அதில் தன்னை ஓர் இன்ஜினீயர் என்று சொல்லிக்கொண்டார். வாரியம் மஞ்சள் விளக்கை விட்டுவிட்டு, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. உரிமம் இல்லாமல் பொறியியல் தொழில் செய்தார் என்று 500 டாலர் அபராதம்!

அவர் விடாமல் கோர்ட்டுக்குப் போனார். 2018-ல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாகவே வந்தது. ஆனால், உரிமம் என்ற விஷயத்தை அங்கே எவ்வளவு கறாராகப் பார்க்கிறார்கள் என்பதற்கு இந்தக் கதை போதும்.

நம்மூரில் அப்படி இல்லை. டாக்டருக்கும் வக்கீலுக்கும் பதிவு உண்டு. இன்ஜினீயருக்குப் பட்டமே போதும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் 'பி.இ.' என்று போட்டுவிடலாம். அமெரிக்காவிலும் பெயருக்குப் பின்னால் பி.இ. போடுகிறார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ஆனால், நம் பி.இ. 'பேச்சிலர்', அவர்கள் பி.இ. 'ப்ரொஃபஷனல்'. முதலாவது கல்லூரி தருகிற பட்டம். இரண்டாவது, மாநில அரசு தருகிற உரிமம். நடுவில் இரண்டு தேர்வுகளும், சில வருட வேலை அனுபவமும் இருக்கின்றன.

இங்கே மெக்கானிக்கல் முடித்துவிட்டு அங்கே மேற்படிப்புக்கோ, வேலைக்கோ, திருமணமாகியோ போன பிள்ளைகள் பலர் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வதற்குள் சில வருடங்கள் ஓடிவிடுகின்றன. அவர்களுக்காகவும், 'அப்படி என்னதான் படிக்கணுமாம்?' என்று இங்கிருந்து போனில் கேட்கிற பெற்றோருக்காகவும்தான் இந்தக் கட்டுரை.

ஒரு பள்ளிக்கூடம் கற்றுத் தந்தது

பொறியாளருக்கு உரிமம் வேண்டும் என்று முதலில் சட்டம் போட்ட அமெரிக்க மாநிலம் வயோமிங். வருடம் 1907. டெக்சாஸ் அதற்கு முப்பது வருடம் எடுத்துக்கொண்டது. அதுவும் ஒரு கொடுமைக்குப் பிறகு.

நியூ லண்டன் என்ற சிற்றூர். எண்ணெய் வயல்களால் பணம் கொழித்த பகுதி. அங்கிருந்த பெரிய பள்ளிக்கூடம், எரிவாயுச் செலவை மிச்சம் பிடிக்க, அருகில் சென்ற கழிவு வாயுக் குழாயிலிருந்து தானே ஓர் இணைப்பை இழுத்துக்கொண்டது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கசிந்து, கட்டடத்துக்கு அடியில் இருந்த வெற்றிடத்தில் சேர்ந்தது. 1937 மார்ச் 18 அன்று மதியம், தொழிற்பயிற்சி அறையில் மரம் தேய்க்கும் மின் இயந்திரத்தை இயக்கியபோது ஒரு தீப்பொறி. கட்டடமே தூக்கி எறியப்பட்டது. குழந்தைகளும் ஆசிரியர்களுமாக ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள்.

அதே வருடம் டெக்சாஸ் பொறியாளர் பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. எரிவாயுவில் நாற்றம் கலக்க வேண்டும் என்ற விதியும் அதையொட்டித்தான் வந்தது. நம் வீட்டு சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்கிறதே ஒரு வாடை, அதுவும் இதே காரணத்துக்காகச் சேர்க்கப்படுவதுதான். சமையல் வாயுவுக்கு இயல்பில் அந்த வாடை கிடையாது.

குழாய், அழுத்தம், காற்றோட்டம் எல்லாமே மெக்கானிக்கல் சமாசாரம். தேர்வுக்கான பாடப்பட்டியலைப் பார்க்கும்போது இந்தப் பள்ளிக்கூடம் நினைவில் இருக்கட்டும்.

யாருக்குத் தேவை?

எல்லோருக்கும் அல்ல. கார் கம்பெனி, விமான கம்பெனி போன்ற உற்பத்தி நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்குப் பெரும்பாலான மாநிலங்கள் விலக்கு தருகின்றன. ஆனால், கட்டடங்களுக்கு ஏ.சி., காற்றோட்டம், குழாய் அமைப்பு, தீயணைப்பு வசதி வடிவமைக்கும் ஆலோசனை நிறுவனங்களில் வரைபடத்தின் மீது முத்திரை குத்தி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த உரிமை பி.இ-க்கு மட்டும்தான். சொந்தமாகத் தொழில் தொடங்கவும் அது வேண்டும்.

முதல் படி: எஃப்.இ.

என்.சி.இ.இ.எஸ். என்ற தேசிய அமைப்பு நடத்துவது இது. 'ஃபண்டமெண்டல்ஸ் ஆஃப் இன்ஜினீயரிங்' என்பதன் சுருக்கம். கல்லூரி கடைசி வருடத்திலோ, முடித்த கையோடோ எழுதுவது வழக்கம். கணினியில், வருடம் முழுவதும் நடக்கிறது. 110 கேள்விகள். விடையளிக்க 5 மணி 20 நிமிடம். கணக்குப் பார்த்தால் ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம்கூட இல்லை. தவறான விடைக்கு மார்க் குறைப்பு கிடையாது. அதனால் எதையும் காலியாக விடக் கூடாது. தேர்ச்சியா இல்லையா என்று மட்டும்தான் சொல்வார்கள். தேறியவருக்கு மதிப்பெண் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட வழியில்லாத தேர்வு!

மெக்கானிக்கலுக்கு 14 தலைப்புகள். பார்த்ததும் மலைப்பாக இருக்கும். ஆனால், எல்லாமே ஒரே கனம் இல்லை. ஸ்டேட்டிக்ஸ், டைனமிக்ஸ், மெக்கானிக்ஸ் ஆஃப் மெட்டீரியல்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், தெர்மோடைனமிக்ஸ், மெஷின் டிசைன் ஆகிய ஆறிலிருந்து மட்டும் குறைந்தபட்சம் 58 கேள்விகள் வரும். அதாவது பாதிக்கு மேல். மூன்று மாதம் கையில் இருந்தால் இரண்டை இந்த ஆறுக்கே கொடுக்கலாம் என்பது என் கருத்து.

இந்த ஆறும் இரண்டு படிக்கட்டுகள். ஸ்டேட்டிக்ஸ் தெரிந்தால்தான் டைனமிக்ஸும் மெக்கானிக்ஸ் ஆஃப் மெட்டீரியல்ஸும் புரியும். அவை புரிந்தால்தான் மெஷின் டிசைன். நம் பிள்ளைகளில் பலர் நேராக டிசைனில் போய் விழுகிறார்கள். நம் கல்லூரிகளில் அந்தத் தாளுக்கு டேட்டா புக்கைப் புரட்டியே பழகிவிட்டோம், அதனால் தைரியம். கீழ்ப்படி ஆடும்போது மேல்படியில் நின்று என்ன பயன்?

ஸ்டேட்டிக்ஸை எளிது என்று ஒதுக்குகிறவர்கள் 1981-ல் கான்சாஸ் சிட்டியில் நடந்ததைப் படிக்க வேண்டும். ஹயாட் ரீஜென்சி ஓட்டலின் கூடத்தில் இரண்டு தொங்கு நடைபாதைகள், ஒன்றின் கீழ் ஒன்று. இரண்டையும் கூரையிலிருந்து வரும் ஒரே நீளக் கம்பிகள் தாங்க வேண்டும் என்பது ஆரம்ப வரைபடம். செய்வதற்கு வசதியாக, மேல் நடைபாதைக்கு ஒரு கம்பி, அதிலிருந்து கீழ் நடைபாதைக்கு வேறொரு கம்பி என்று மாற்றினார்கள். ஒரு கயிற்றை இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவதும், மேலே இருப்பவரின் காலைக் கீழே இருப்பவர் பிடித்துத் தொங்குவதும் ஒன்றா? மேல் நடைபாதையின் பிணைப்பில் சுமை இரண்டு மடங்கானது. ஜூலை 17 அன்று இரண்டும் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். ஒப்புதல் கொடுத்திருந்த பொறியாளர்களின் உரிமம் பறிபோனது. கம்பியைத் தனியாக வரைந்து, விசைகளுக்கு அம்புக்குறி போட்டிருந்தால் தெரிந்திருக்கும். முதல் வருடப் பாடம் அது.

இரண்டாவது படிக்கட்டு தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், அவற்றோடு ஹீட் டிரான்ஸ்ஃபர். நம் வீட்டிலேயே இருக்கிற பாடங்கள் இவை. குக்கருக்குள் அழுத்தம் வெளியில் இருப்பதைப் போல இரண்டு மடங்கானால் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரியில் கொதிக்கும். ஸ்டீம் டேபிளில் அந்த வரியைத் தேடி எடுப்பதுதான் தேர்வில் கேட்பது. ஃப்ரிட்ஜின் சுழற்சி, ஏ.சி-யில் ஈரப்பதம் கழியும் கணக்கு எல்லாம் இதில் அடங்கும். ஃப்ளூயிடில் மொட்டைமாடி டேங்க் கணக்கு: மோட்டாரிலிருந்து போகும் பைப்பின் விட்டத்தைப் பாதியாக்கிவிட்டு அதே அளவு தண்ணீரை ஏற்ற நினைத்தால், உராய்வில் வீணாவது சுமார் 32 மடங்கு. பிளம்பர் 'சின்ன பைப் போதும் சார்' என்று சொன்னால் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

மற்றவற்றில் கணக்கு, மின்னியல், அளவீடும் கட்டுப்பாடும் எல்லாம் அளவாகப் படித்தால் போதும். மெட்டீரியல்ஸ் பாடம் மட்டும் கொஞ்சம் அதிக மார்க் தரும். கணக்கிலேயே ஒரு மாதம் உட்கார்ந்துவிடுவது நம்மவர்களின் பழைய நோய். அதிலிருந்து வருவது 6 முதல் 9 கேள்விகள்தான்.

நாம் கண்டுகொள்ளாத இரண்டு

இன்ஜினீயரிங் எகனாமிக்ஸிலிருந்து 4 முதல் 6 கேள்விகள். இ.எம்.ஐ. கணக்கு தெரிந்தவர் பாதி கிணறு தாண்டிவிட்டார். விலை குறைந்த, ஆனால் கரன்ட் அதிகம் இழுக்கும் பம்ப். விலை கூடிய, சிக்கனமான பம்ப். பத்து வருடத்தில் எது லாபம்? இப்படித்தான் இருக்கும்.

எதிக்ஸிலும் 4 முதல் 6. நாம் சரிபார்க்காத வரைபடத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார் மேலாளர். என்ன செய்வீர்கள்? பொதுமக்களின் பாதுகாப்புதான் முதலில். முதலாளியும் வாடிக்கையாளரும் அதற்குப் பிறகு என்பதே விதி. 'அனுசரித்துப் போகலாம்' என்று தோன்றும் விடை பெரும்பாலும் தப்பு.

பவுண்டா, பவுண்டா?

நம் மாணவர்கள் உண்மையில் தடுமாறும் இடம் பாடம் அல்ல, அலகு. தேர்வில் மெட்ரிக் அலகுகளும் வரும், அமெரிக்க அலகுகளும் வரும். அங்கே நிறைக்கும் பவுண்ட், விசைக்கும் பவுண்ட். நிறையை முடுக்கத்தால் பெருக்கிய பிறகு 32.2-ஆல் வகுக்க வேண்டும். மறந்தால் விடை 32 மடங்கு தள்ளிப் போய்விடும். அந்தத் தப்பு விடையும் நான்கில் ஒன்றாகச் சமர்த்தாக உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். வெப்பநிலையில் ஃபாரன்ஹீட்டோடு 460 கூட்டி ரேங்கினாக மாற்றுவது இன்னொன்று. இது மாணவர்கள் மட்டும் விழும் பள்ளமில்லை. 1999-ல் நாசாவின் செவ்வாய் விண்கலம் ஒன்று தொலைந்ததே, ஒரு குழு பவுண்டிலும் இன்னொரு குழு நியூட்டனிலும் கணக்குப் பார்த்ததால்தான். தினமும் பத்து கணக்காவது அமெரிக்க அலகில் போட்டுப் பழகுவதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

மனப்பாடம் உதவாது. எல்லாச் சூத்திரமும் அடங்கிய கையேட்டை என்.சி.இ.இ.எஸ். இலவசமாகவே தருகிறது. தேர்வின்போது அதே கையேடு திரையில் இருக்கும், வார்த்தை போட்டுத் தேடலாம். நம் கையிலிருந்து புத்தகம் எதுவும் உள்ளே போகாது. எது எந்தப் பக்கத்தில், எந்தப் பெயரில் இருக்கிறது என்று கண் பழக வேண்டும். அதனால் முதல் நாளிலிருந்தே வேறு புத்தகத்தின் சூத்திரங்களை ஒதுக்கிவிட்டு அந்தக் கையேட்டை வைத்தே கணக்குப் போடுவது நல்லது. கேள்விகள் இரண்டு பகுதியாக வரும். முதல் பகுதியை முடித்துச் சமர்ப்பித்துவிட்டால் அதற்குத் திரும்ப முடியாது என்பதையும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள்.

ஒரு சந்தோஷச் செய்தி: அனுமதிக்கப்பட்ட சில கால்குலேட்டர்களில் கேசியோ எஃப்.எக்ஸ்.-991 வகையும் உண்டு. நம்மூர் இன்ஜினீயரிங் மாணவர் ஒவ்வொருவர் பையிலும் நாலு வருடம் கிடந்து தேய்ந்ததே, அதுதான். ஊரிலிருந்து பார்சல் அனுப்பும்போது ஊறுகாயோடு அதையும் போட்டு அனுப்பலாம்.

பிறகுதான் பி.இ.

எஃப்.இ. தேறியவர் 'பயிற்சிப் பொறியாளர்'. அதன்பின் வழக்கமாக நான்கு வருட அனுபவம். அனுபவத்துக்கு முன்பே பி.இ. தேர்வை எழுதவிடும் மாநிலங்களும் உண்டு. அதில் 80 கேள்விகள், எட்டு மணி நேரம். இங்கே அகலம் குறைந்து ஆழம் கூடுகிறது. ஏ.சி. மற்றும் குளிர்பதனம், மெஷின் டிசைன் மற்றும் மெட்டீரியல்ஸ், தெர்மல் மற்றும் ஃப்ளூயிட் என மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கல்லூரியில் எது பிடித்தது என்று பார்க்காமல், தினமும் ஆபீஸில் எந்த வேலை செய்கிறோமோ அதையே எடுப்பதுதான் புத்திசாலித்தனம். நாலு வருடம் கட்டடங்களுக்கு ஏ.சி. கணக்குப் போட்டவருக்கு அந்தத் தாளில் பாதி ஏற்கெனவே கை வந்த வேலை.

படிக்க உட்காரும் முன் ஒரு வேலை இருக்கிறது. உரிமம் தருவது மாநில வாரியம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி. இந்தியப் பட்டத்தை அங்கீகரிக்கப்பட்ட அமைப்பிடம் மதிப்பீடு செய்து வாங்கி வரச் சொல்லும் வாரியங்கள் பல. கல்லூரியிலிருந்து மார்க் பட்டியல்களை அதிகாரபூர்வமாக அனுப்ப வைக்க வேண்டியிருக்கும். அந்த அலைச்சல் பெரும்பாலும் இங்கே இருக்கிற அப்பாவின் தலையில்தான் விழும். ஆகவே, எந்த மாநிலத்தில் உரிமம் வேண்டும் என்று முடிவு செய்து, அந்த வாரியத்தின் இணையதளத்தில் விதிகளைப் பார்த்துவிட்டு, சான்றிதழ் வேலையை முதலில் தொடங்கிவிடுங்கள். ஸ்டேட்டிக்ஸை அது நடந்துகொண்டிருக்கும்போதே படித்துக்கொள்ளலாம்.