பச்சைத் தோம்பில் படகு ஓடுமா?

மலாக்கா நீரிணைக்கு அக்கரையில் சமையல் எரிவாயுவில் மீன்பிடிப் படகுகள் ஓடுகின்றன. இந்தோனேசிய அரசு 2015-இல் அதிபர் ஆணை ஒன்றைப் பிறப்பித்து, மறு ஆண்டிலிருந்து சிறு மீனவர்களுக்கு மாற்றுக் கருவிகளை இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது. வீட்டுக்கு வீடு இருக்கும் 3 கிலோ தோம்பு, ஒரு ரெகுலேட்டர், ஒரு ரப்பர் குழாய், கார்புரேட்டருக்கு முன்னால் காற்றோடு வாயுவைச் சேர்க்கும் கலப்பான். அவ்வளவுதான் சரக்கு. நீரிணையின் இந்தப் பக்கம், கோலக் கிள்ளான் படகுத்துறையில் இன்னும் பெட்ரோல் வாடைதான்.

நம்மவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. கணக்குப் போட்டால் முதலில் எரிவாயுதான் ஜெயிக்கிறது. 14 கிலோ தோம்பில் உள்ள வெப்பம் ஏறக்குறைய 20 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். வீடுகளுக்கான மானிய விலை கிலோவுக்கு 1 ரிங்கிட் 90 சென். ஆக, ஒரு தோம்பு 26 ரிங்கிட் 60 சென். 2025 செப்டம்பர் இறுதியில் வந்த புடி95 பெட்ரோல் மானியத் திட்டத்தின் 1 ரிங்கிட் 99 சென் விலையில் 20 லிட்டர் பெட்ரோல் வாங்கினாலும் 39 ரிங்கிட் 80 சென் ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்கு மிச்சம்!

ஆனால் மானிய விலையில் கிடைக்கும் அந்தப் பச்சைத் தோம்பு வீட்டு அடுப்புக்கானது. வியாபாரத்துக்கு ஊதாத் தோம்பு. 2025-இல் அதன் விலை 70 ரிங்கிட்டை ஒட்டி இருந்தது. மானியத் தோம்பை வியாபாரத்தில் பயன்படுத்துவதைத் தடுக்க 2025 மே மாதம் அதிகாரிகள் ‘ஓப்ஸ் கசாக்’ சோதனையில் இறங்கியபோது, பிரிக்ஃபீல்ட்ஸில் தோசைக்கல் வைத்திருப்பவர் முதல் கிள்ளானில் பக் குத் தே காய்ச்சுபவர் வரை எல்லாருக்கும் இந்த நிற வித்தியாசம் உறைத்தது. படகுக்காரர் ஊதாத் தோம்புதான் வாங்க வேண்டுமென்றால் கணக்கு தலைகீழ். மானியமே இல்லாமல், புடி95 வந்தபோதிருந்த 2 ரிங்கிட் 60 சென் விலையில் 20 லிட்டர் பெட்ரோல் போட்டாலும் 52 ரிங்கிட்தான். இந்தோனேசியாவில் திட்டம் பிழைத்ததற்கு இன்ஜினைவிட அந்த 3 கிலோ தோம்பின் மானியமே பெரிய காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது.

காசை ஒதுக்கிவிட்டு இயந்திரத்துக்கு வருவோம். புரோப்பேனின் ஆக்டேன் எண் 110-ஐ ஒட்டியது. இன்ஜினில் ‘நாக்கிங்’ வராது. சிலிண்டருக்குள் கரி படிவது குறைவு, இன்ஜின் ஆயிலும் சீக்கிரம் கறுப்பதில்லை. எதிர்ப்பக்கத்தில், வாயு உள்ளே இடத்தை அடைத்துக்கொள்வதால் காற்றின் அளவு குறைந்து, இழுவையும் கொஞ்சம் குறையும். பெரிய சிக்கல் பழைய இரு வீச்சு இன்ஜின்களுக்குத்தான். அவை பெட்ரோலில் கலந்த எண்ணெயால் உயவிடப்படுபவை. வாயு எண்ணெயைச் சுமந்து வராது. எண்ணெய்க்கு ஒரு தனிப் பம்பு வைக்காவிட்டால் பிஸ்டன் இறுகிவிடும். அதனால் இந்தக் கருவிகள் நான்கு வீச்சு இன்ஜின்களுக்கே ஏற்றவை.

இன்னொன்று, குளிர். கிள்ளான் வெயிலில் குளிரா என்று கேட்கலாம். தோம்புக்குள் இருப்பது திரவம். ஆவியாக அதற்கு வெப்பம் வேண்டும். அடுப்பு சொட்டுச் சொட்டாகக் கேட்பதை 15 குதிரைத்திறன் இன்ஜின் முழு வேகத்தில் மணிக்கு 4 கிலோவாகக் கேட்கும். அந்த வேகத்தில் உறிஞ்சினால் தோம்பின் வெளிப்புறம் முதலில் வியர்க்கும், பிறகு திரவம் நிற்கும் மட்டம் வரை வெண்பனி பூக்கும். உள்ளே அழுத்தம் இறங்க, இன்ஜின் இருமத் தொடங்கும். இதைத் தவிர்க்க, திரவத்தையே வெளியே எடுத்து, இன்ஜினைக் குளிர்வித்துச் சூடான தண்ணீரைக் கொண்டு ஆவியாக்க வேண்டும். அதற்கான செலவு வேறு. இந்தோனேசியத் திட்டம் சிறிய இன்ஜின்களோடு நின்றுகொண்டதில் அர்த்தம் இருக்கிறது.

எடையும் இருக்கிறது. 20 லிட்டர் பெட்ரோல் 15 கிலோ. பிளாஸ்டிக் கேனுக்கு இரண்டு கிலோ சேர்த்துக்கொள்ளலாம். 14 கிலோ எரிவாயுவுக்கோ இரும்புத் தோம்பே ஏறக்குறைய இன்னொரு 14 கிலோ. அலையில் ஆடும் சம்பானில் அதைக் கட்டி வைப்பதும், நடுக்கடலில் மாற்றுவதும் பெண்டு நிமிர்த்தும் வேலை.

பாதுகாப்பில் இரண்டுமே சாதுவல்ல. பெட்ரோல் ஆவியும் சரி, எரிவாயுவும் சரி, காற்றைவிடக் கனமானவை. படகின் அடிப்பள்ளத்தில் போய்த் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். திறந்த சம்பானில் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். மூடிய படகில்தான் ஆபத்து. ஆனால் எரிவாயு கசிந்தால் தண்ணீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதக்காது. கெத்தாம் தீவின் சதுப்புக் காடுகளை நினைத்தால் அது சின்ன விஷயமில்லை.

நம் ஊரில் எரிவாயு வாகனம் என்றவுடன் நினைவுக்கு வருவது என்ஜிவி டாக்சிகள். தோம்புகளின் 15 ஆண்டு ஆயுள் முடிந்துவந்ததால், 2025 ஜூலை 1 முதல் அவற்றுக்குத் தடை வந்தது. என்ஜிவி என்பது சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைத்த மீத்தேன். சமையல் எரிவாயுவுக்கு நம் வெப்பநிலையில் பத்து பாருக்கும் குறைவான அழுத்தமே போதும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி அஞ்ச வேண்டியதில்லை.

அப்படியானால் கிள்ளானில் இது யாருக்கு உதவும்? போர்ட் கிள்ளானில் உள்ள ராயல் சிலாங்கூர் யாட் கிளப்பில் கட்டிக் கிடக்கும் பாய்மரப் படகுகளைப் பாருங்கள். பலவற்றில் சமையலுக்கு ஏற்கெனவே ஒரு தோம்பு இருக்கும். கரைக்கு வந்துபோகும் குட்டிப் படகில் மட்டும் ஒரு பெட்ரோல் இன்ஜின், மாதக்கணக்கில் ஓடாமல் தொங்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகி, தேவைப்படும் நாளில் கயிறு இழுத்துக் கை வலிக்கும். எரிவாயு எத்தனை மாதம் கிடந்தாலும் கெடாது. ஜப்பானின் டொஹாட்சு நிறுவனம் இதற்கென்றே 5 குதிரைத்திறன் புரோப்பேன் இன்ஜின் செய்கிறது. பாய்மரப் படகுக்காரர்களுக்கு மணிக்கு எத்தனை ரிங்கிட் என்பது பொருட்டில்லை, முதல் இழுப்பிலேயே கிளம்ப வேண்டும். மீனவருக்கு அப்படியில்லை. தினமும் ஓடும் இன்ஜினில் பெட்ரோல் கெட நேரமே கிடையாது. ஊதாத் தோம்பின் விலை இறங்கும்வரை அவர் கேனோடு எண்ணெய் நிலையத்துக்குத்தான் போவார்.