விளிம்பில் இருக்கிறது வேலை

தேக்கையும் ஈட்டியையும் தவிர வேறெதையும் மரச்சாமான் என்று ஒப்புக்கொள்ள மனம் வராத பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் உண்டு. மரநாரைப் பசையோடு கலந்து சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்கிற எம்.டி.எஃப். பலகையை அவர்கள் 'அட்டை' என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் கூடத்துச் சுவரை ஒட்டி, தட்டுகளும் கதவுகளுமாய், வர்ணம் பூசிய டி.வி. அலமாரி ஒன்று வேண்டுமென்றால், தேக்கைக் காட்டிலும் அந்த அட்டையே உகந்தது என்பது என் திடமான அபிப்பிராயம். மரம் மழைக்காலத்தில் ஈரம் குடித்து அகலத்தில் விரியும், சித்திரை வெயிலில் சுருங்கும். அந்த விரிவும் சுருக்கமும் இணைப்புகளின்மேல் பூசிய வர்ணத்தில் மயிரிழைக் கீறல்களாய்த் தெரியும். ரேகையும் கணுவும் இல்லாத எம்.டி.எஃப்.புக்கு அந்தச் சுபாவம் மிகக் குறைவு. வழவழப்பான அதன் முகம் வர்ணத்துக்கென்றே அமைந்தது.

ஆயினும் அதற்கென்று சில பலவீனங்கள் உண்டு; அவற்றை அறிந்து வேலை செய்கிறவனுக்கே அது பணிந்து வரும். முதலாவது, தொய்வு. 8-க்கு 4 அடி அளவில், 18 மி.மீ. கனத்தில் வருகிற முழுப் பலகை ஏறக்குறைய 40 கிலோ நிறை உள்ளது. அத்தனை கனமிருந்தும் மரத்தின் விறைப்பு அதற்கில்லை. புத்தகங்களை நெருக்கி அடுக்கிய தட்டின் நீளம் இரட்டிப்பானால் தொய்வு இரட்டிப்பாகாது, 16 மடங்காகும். ஆதலால் 55 அங்குல டி.வி.யின் அகலத்துக்கு, அதாவது 4 அடிக்கு, ஒரே தட்டை நீட்டிவிடாமல், 2 அடிக்கு ஒரு நிறுத்துப் பலகை கொடுக்கவேண்டும். அது அழகைக் கெடுக்கும் என்று தோன்றினால் தட்டின் முன்விளிம்பின் அடியில் ஒன்றரை அங்குல மரச்சட்டம் ஒன்றை ஃபெவிகால் வைத்து ஒட்டிவிடலாம்.

இரண்டாவதும் பிரதானமானதும் விளிம்பு. பலகையின் முகம் இறுகியது. அறுத்த விளிம்போ உள்ளே இருக்கும் தளர்ந்த நாரைத் திறந்து காட்டுவது. அதன்மேல் முதல் கை பிரைமர் அடித்தால், அடித்த சுவடே தெரியாமல் உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்தபின் விரலால் தடவினால் நார் சிலிர்த்து நிற்பது தெரியும். தண்ணீர் விட்டு இளக்கிய ஃபெவிகாலையோ மெல்லிய பட்டியையோ விளிம்பில் தடவி, நன்றாகக் காயவிட்டு, 220-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் தடவி, மீண்டும் தேய்த்து, விளிம்புக்கும் முகத்துக்கும் பேதம் கைக்குப் புலப்படாத நிலை வந்த பிறகே பிரைமரைத் தொடவேண்டும். இந்தப் பிரயாசையைச் செய்தவர் கையில் டியூகோ ஸ்பிரே ஒரே சீராய்ப் படியும். செய்யாதவர் எத்தனை விலையுயர்ந்த வர்ணத்தை அடித்தாலும், எங்கெங்கே அறுத்தார் என்பதை அலமாரியே காட்டிக்கொடுத்துவிடும். அந்த விளிம்பிலேயே ஸ்க்ரூ முடுக்குவதானால், முதலில் துளை போடுவது அவசியம். இல்லையேல் பலகை பிளந்துகொள்ளும்.

தண்ணீர் மூன்றாவது விரோதி. தினமும் தரை துடைக்கிற நம் வீடுகளில், தரையில் ஒட்டி நிற்கும் பலகை அடியிலிருந்து ஈரம் ஏறி ஊதிப்போகும். ஊதியது பழைய நிலைக்குத் திரும்பாது. 4 அங்குலக் கால் வைத்தோ, சுவரில் மாட்டியோ தூக்கிவிடுவது உத்தமம். செட்டாப் பெட்டி வெளியிடும் சூடு போவதற்குப் பின்பலகையில் திறப்பு விட்டால், கேபிளும் அதன் வழியே போகும்.

உடல்நலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பலகையைப் பிணைக்கும் பசையில் ஃபார்மால்டிஹைடு கலந்திருக்கிறது; அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கவல்லது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வகைப்படுத்தியது. மரத்தூளும் அதே வகையில் சேர்ந்ததே. எனவே அறுப்பதையும் தேய்ப்பதையும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாகாது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்கிற ஆசாரிக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக்கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை.

பலகை வாங்கும்போது, ஃபார்மால்டிஹைடு குறைவாக வெளியிடும் 'ஈ-1' தரமா என்று கேட்டு வாங்குங்கள். ஆசாரியோடு பேச உட்காரும்போது, என்ன நிறம் என்று முடிவு செய்வதற்கு முன்னால், விளிம்பு வேலைக்கு எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டு, அவர் சொல்லும் நாளை முழுமையாகக் கொடுங்கள்.